அயலாருக்குப் பிணை நின்றவர்கள்: ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் உறைவிடத்தின் வரலாறு

தமிழகத்தில் ஊர் விட்டு ஊர் வந்து வாடகைக்கு இடம் கேட்பவரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் 'இங்கே உங்களுக்கு யாரைத் தெரியும்?' என்பதாகவே இருந்து வந்திருக்கிறது. வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி ஆகியவை பேச்சில் வருவது அதற்குப் பின்னரே. வந்தவர் இன்னார் என்று உள்ளூரில் ஒருவர் சான்று கூறி, அவரால் நேரக்கூடிய நன்மை தீமைகளுக்குத் தாமும் பொறுப்பு என்று ஏற்பதைப் பழைய வழக்கில் பிணை நிற்றல் என்பர். பேச்சு வழக்கில் இதுவே ஜாமீன். கல்விக்கும் வேலைக்குமாக இளைஞர்கள் தொடர்ந்து வந்து சேரும் ஓர் ஊரின் வரலாற்றை, அங்கே புதியவர்களுக்கு ஒவ்வொரு காலத்திலும் பிணை நின்றவர் யார் என்ற கேள்வியை வைத்தே பெருமளவு எழுதிவிடலாம். பிணை நின்றவர் மாறும்போதெல்லாம் வந்தவர் தங்கும் கட்டடமும், உண்ணும் உணவும், அவருக்கு இடப்படும் கட்டுப்பாடும் சேர்ந்தே மாறியிருக்கின்றன.

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்த ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். கன்னடத்தில் 'புதிய ஊர்' என்று பொருள்படும் சொல்லே ஓசூர் என்று தமிழில் வழங்குகிறது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்நகரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் கடைத்தெருவில் புழங்குகின்றன. நெடுஞ்சாலையில் தமிழகப் பக்கம் ஜூஜூவாடியும் கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியும் எல்லை ஊர்களாக இருக்க, அவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் கோடு கடந்த இரு நூற்றாண்டுகளில் பலமுறை பொருள் மாறியிருக்கிறது. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, 'பன்னிரு மாளிகை' என்று பெயருக்குப் பொருள் கூறப்படும் பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று; அதன் நிருவாகத்தை அலெக்சாண்டர் ரீடு ஏற்க, பின்னர் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராக இருந்தார். மலைத்தொடருக்கு மேலே உள்ள ஓசூர்ப் பகுதியோ 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே கம்பெனி ஆட்சிக்கு வந்தது. அதன்பின் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இடம்பெற்ற ஓசூர், 2019இல் மாநகராட்சியாக உயர்ந்தது.

சத்திரத்தின் காலம்

கற்க வந்தவருக்கு உறைவிடமும் உணவும் அளிப்பது ஊரின் கடமை என்ற கருத்து தமிழ்நாட்டில் மிகப் பழமையானது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 340 மாணவர்கள் பயின்ற கல்விக்கூடம் ஒன்றைக் குறிப்பிடுகிறது; இளநிலையில் பயின்ற 270 பேருக்கும் முதுநிலையில் பயின்ற 70 பேருக்கும் நாள்தோறும் எவ்வளவு நெல் அளக்கப்பட வேண்டும் என்பது அதில் தனித்தனியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. அங்கே கோயிலைச் சார்ந்து நடந்த விடுதியில் 60 பேர் உண்டு உறைந்தனர். அவர்கள் படுக்கப் பாய்க்கும், சனிக்கிழமை தோறும் தலை முழுக எண்ணெய்க்கும், இரவில் எரியும் விளக்குக்குரிய எண்ணெய்க்கும், அருகிலேயே நோயுற்றோர் தங்க 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கும், அதாவது மருத்துவமனைக்கும், அக்கல்வெட்டு வழிவகை செய்தது. இவ்விடுதிகளில் பயின்றவர்கள் பெரும்பாலும் வேதமும் இலக்கணமும் கற்ற அந்தணர்களே என்பதை மறந்துவிட இயலாது. எனினும் மாணவர் நலம் என்று இன்று வழங்கும் பொருளின் கூறுகள், அளவும் விலையும் குறிக்கப்பட்ட கணக்காக, 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைக்கப்பட்டன என்பது இக்கல்வெட்டால் தெரிய வருகிறது.

இவ்வகை நிறுவனங்களின் பிற்கால வடிவமே சத்திரம். வழிச்செல்வோர் விலையின்றித் தங்கவும் உண்ணவும் அறக்கட்டளையின் வருவாயால் நடத்தப்படும் இல்லம் சத்திரம் எனப்பட்டது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கரோடு மாணவர்களையும் ஏற்று, உணவுடன் கல்வியையும் அளித்தது. சேலத்திலிருந்தும் கிழக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்தும் மைசூர் நாட்டை நோக்கிச் செல்லும் பெருவழிகள் கூடுமிடமான கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதியிலும் வணிகர், வண்டிக்காரர், யாத்திரிகர் ஆகியோரின் இரவுத்தங்கல் சத்திரத்தையும் கோயில் மண்டபத்தையும் சார்ந்தே இருந்தது. சென்னை மாகாண அரசு 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதியால் கோயில், பாலம் ஆகியவற்றோடு சத்திரங்களுக்கு விடப்பட்ட கட்டளைச் சொத்துகளையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொணர்ந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் தலபோர்டு எனப்பட்ட வட்டார ஆட்சி மன்றங்கள் பல சத்திரங்களைப் பராமரித்தன. அதிகாரிகள் தங்குவதற்கு முசாபரி பங்களா என்ற தனிக் கட்டடம் எழுந்ததும் இக்காலத்தில்தான். முசாபர் என்பது பயணியைக் குறிக்கும் உருதுச் சொல்.

சத்திரம் வந்தவரிடம் பிணை கேட்கவில்லை. கட்டளையை ஏற்படுத்தியவரின் அறமே அங்கே பிணையாக நின்றது. வந்தவரைப் பற்றிய விசாரணை எதுவும் இன்றி, மூன்று நாள் போன்ற ஒரு வரம்புக்குள் அவர் தங்கிச் செல்லலாம் என்பதே பொது வழக்கம். ஆனால் அந்தத் தாராளத்துக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. சமைத்த உணவு யாருக்கு, அரிசியும் பருப்பும் மட்டும் யாருக்கு, உள்ளே இடம் யாருக்கு, திண்ணை யாருக்கு என்பவற்றைச் சாதி முடிவு செய்தது என்பது ஒன்று. சில இரவுகளுக்கு என்று அமைந்த இடத்தில், நான்கு ஆண்டுப் படிப்புக்கு வந்தவன் தங்க முடியாது என்பது மற்றொன்று. ஆங்கிலக் கல்வி பரவியபோது இவ்விரண்டாவது குறையே பெரிதாகத் தெரிந்தது.

எல்லை கடந்த படிப்பு

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, ஓசூர் அரசுப் பள்ளியில் பயின்று, பின்னர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்ற, இராசாசி எனப்படும் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியாரின் கல்விப் பாதை, இப்பகுதி மாணவர்களுக்கு அன்று திறந்திருந்த வழியை நன்கு காட்டுகிறது. இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பின்னாளில் உயர்ந்த அவர், ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் படிக்கச் சென்றபோது ஓர் ஆட்சி எல்லையைக் கடந்தே சென்றார். ஓசூர் பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்தது, பெங்களூரைச் சூழ்ந்த நாடோ 1881இல் உடையார் மரபினரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்ட மைசூர் சமஸ்தானம். ஆயினும் அந்த எல்லை மாணவனுக்குத் தடையாக அமையவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் தோன்றும் வரையில் சென்ட்ரல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தமையால், அரசு வேறானாலும் தேர்வும் பட்டமும் ஒன்றாகவே இருந்தன. சென்னை 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, பெங்களூர் ஒரு நாள் வண்டிப் பயணத்தில் இருந்தது என்பதும் இத்தெரிவுக்குக் காரணம். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்ட குறும்பாதை இரயில் தடங்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெயர்க்கப்பட்டதும், மாணவரின் வழி மீண்டும் சாலையாகவே ஆயிற்று.

படிக்கச் சென்ற இடத்தில் மாணவனுக்குப் பிணை நின்றது முதலில் உறவு. உறவு இல்லாதபோது சாதி. சென்னையில் அரசுக் கல்லூரி மாணவர்களுக்காக விக்டோரியா விடுதி போன்ற பொது விடுதிகள் எழுந்தன என்றாலும், பெங்களூரிலும் தமிழகத்து நகரங்களிலும் சமூகச் சங்கங்கள் நடத்திய விடுதிகளே மிகுதி. சத்திரம் மாணவர் விடுதியாக மாறிய விதத்துக்குப் பெங்களூர் இரயில் நிலையத்தின் எதிரே இருக்கும் குப்பி தோட்டதப்பா சத்திரம் நேரடிச் சான்று: குப்பி என்னும் ஊரைச் சேர்ந்த வணிகரான தோட்டதப்பா, 1903இல் பயணிகளுக்காகத் தரும சத்திரம் ஒன்றை நிறுவியதோடு, வெளியூரிலிருந்து படிக்க வரும் தம் சமூகத்து ஏழை மாணவர்களுக்கு இலவச விடுதியையும் ஏற்படுத்தினார். 1906இல் தோன்றிய ஒக்கலிகர் சங்கமும் விடுதி நடத்துவதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. இவ்விடுதிகளில் இடம் கிடைக்க ஊர்ப் பெரியவரின் கடிதமே போதுமானதாக இருந்தது; அக்கடிதம் எழுதத் தக்க பெரியவர் எவரும் தம் சமூகத்தில் இல்லாத மாணவர்களே வெளியில் நின்றனர்.

அவ்வாறு வெளியில் நின்றவர்களுக்கு அரசே பிணை நிற்க வேண்டியிருந்தது. 1920ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசு அமைத்த தொழிலாளர் நலத்துறை, தொழிலாளர் என்ற பெயரைத் தாங்கியிருந்தாலும், தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பள்ளி, உதவித்தொகை, விடுதி ஆகியவற்றை வழங்குவதை முக்கியப் பணியாகக் கொண்டிருந்தது; பிற்கால ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளுக்கு மூலம் அதுவே. விடுதலைக்குப் பின் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கும் இவ்வகை விடுதிகள் விரிந்தன. அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை போன்ற மலையும் காடும் சார்ந்த ஊர்களைக் கொண்ட இம்மாவட்டத்தில், பேருந்து எட்டாத குக்கிராமத்துக் குழந்தை உயர்நிலைக் கல்வியை எட்டுவதற்கு நடைமுறையில் இருந்த வழி அரசு விடுதியே. 2025 ஜூலையில் தமிழக அரசு இவ்விடுதிகள் அனைத்துக்கும் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயரை இட்டபோது, நூறாண்டுக்கு மேலாகப் பெயர்ப் பலகைகளில் இருந்து வந்த சாதிப் பகுப்பு, பெயரளவிலேனும், நீங்கியது.

இதற்கிடையே எல்லைக்கோடு இறுகிற்று. 1956இன் மாநில மறுசீரமைப்பில் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்குச் செல்ல, ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. அதன்பின் இரு மாநிலங்களும் தொழிற்கல்வி இடங்களைத் தத்தம் மாநிலத்தவர்க்கு ஒதுக்கி, இத்தனை ஆண்டு இங்கே படித்திருக்க வேண்டும் என்று இருப்பிட விதிகளை வகுத்தன. இராசாசியின் காலத்தில் வேற்று அரசின் நகரமாக இருந்தும் தடையின்றி ஏற்ற பெங்களூர், ஒரே நாட்டின் நகரமான பிறகு ஓசூர் மாணவனை 'வெளிமாநிலத்தவன்' என்று வகைப்படுத்திற்று.

நிறுவனம் நின்ற பிணை

1971இல் தமிழ்நாடு அரசு நிறுவிய மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான சிப்காட், தொழில் பெருகாத பகுதிகளில் நிலத்தைக் கையகப்படுத்திச் சாலை, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றோடு ஆலைகளுக்கு வழங்கும் பணியை மேற்கொண்டது. ஓசூரில் அமைந்த சிப்காட் வளாகத்துக்கு இரு நன்மைகள் இருந்தன: பெங்களூரின் சந்தையும் பொறியாளர்களும் எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருந்தனர், பின்தங்கிய பகுதி என்பதால் தமிழக அரசின் சலுகைகளும் கிடைத்தன. 1980இல் இங்கிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அசோக் லேலண்டு தன் வாகன ஆலையை நிறுவியது. சிறுதொழில்கள் அவற்றைச் சுற்றி எழுந்தன. கல்விக்காக ஓசூரிலிருந்து வெளியே சென்ற இளைஞர்களைவிட, வேலைக்காக ஓசூருக்குள் வந்த இளைஞர்கள் பலராயினர்.

இவ்வரலாற்றில் தனியே நின்று நோக்கத்தக்கது டைட்டன் கைக்கடிகார ஆலையின் அனுபவம். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் முதல் நிருவாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய், பிற ஆலைகளில் பழகிய தொழிலாளரைச் சேர்ப்பதைவிட, பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்த கிராமத்து இளைஞர்களையும் இளம்பெண்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கும் வழியை மேற்கொண்டார். கடிகாரத் தொழிலுக்குக் கூர்ந்த கண்ணும் நடுங்காத விரலும் தேவை. பழைய பழக்கங்கள் எதையும் மறக்கவேண்டிய நிலையில் இல்லாத இளையோரே அதற்கு ஏற்றவர் எனக் கருதப்பட்டது. ஆனால் பதினேழு பதினெட்டு வயதில், வீட்டைவிட்டு ஒருபோதும் பிரிந்திராத பிள்ளைகளை எங்கே தங்கவைப்பது என்ற கேள்வி எழுந்தது. அன்றைய ஓசூரில் அவர்களுக்கு ஏற்ற விடுதியும் இல்லை. மணமாகாத இளைஞர்க்கு வீடு கொடுக்கும் வழக்கமும் அரிது. நிறுவனம் வாடகைக்கு வீடுகளை எடுத்து, பிள்ளைகளைச் சிறு குழுக்களாகக் குடியமர்த்தி, அவர்களோடு வாழ்ந்து பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் என்ற நிலையில் மூத்த தம்பதியரை அமர்த்தியது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு அதன் இருமுகத் தன்மையில் இருந்தது. ஒருபுறம், பிள்ளையை அனுப்பிய தாய்தந்தையர்க்கு, குறிப்பாகப் பெண்பிள்ளையை அனுப்பியவர்க்கு, அங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள் என்ற உறுதியை அது அளித்தது. மறுபுறம், வீட்டுக்காரர்க்கும் தெருவினர்க்கும் இவர்கள் இன்ன நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவர்கள் என்று சொல்லிற்று. பிணை நிற்பதும் பேணுவதும் ஒரே கையில் இணைந்திருந்தன. பின்னர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில் நிறுவனம் மத்திகிரியில் எழுப்பிய குடியிருப்பு, திருமணமாகிக் குடும்பத்தோடு நிலைத்த தொழிலாளருக்குச் சொந்த வீட்டுக்கான வழியாயிற்று. வந்தவர் ஊராராக மாறும் பாதையில், வாடகை வீடு முதல் படியாகவும் குடியிருப்பு இரண்டாம் படியாகவும் அமைந்தன.

ஆலைகள் எல்லாமே இவ்வாறு செய்யவில்லை. செய்யாத இடத்தை அரசின் வீட்டுத்திட்டங்கள் ஓரளவு நிரப்பின. 1970இல் தோன்றிய நடுவண் அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான 'ஹட்கோ' என்பது, அக்கடனால் எழுந்த குடியிருப்புகளின் பெயராகி, ஓசூர் மக்களின் நாவில் 'அட்கோ' என்று திரிந்தது. பாகலூர் அட்கோ என்றும் அட்கோ காவல் நிலையம் என்றும் வழங்கும் பெயர்களில், கடன் கொடுத்த நிறுவனம் ஒன்று ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டதைக் காணலாம். பழைய ஊர்களின் பெயரில் ஏரியும் பள்ளியும் தங்கியிருப்பதுபோல, புதிய ஓசூரின் பெயர்களில் வீட்டுக்கடன் தங்கியிருக்கிறது.

வாடகைச் சந்தையும் சட்டமும்

அட்கோ வீடுகளின் மாடியிலும், சிப்காட்டை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி போன்ற கிராமங்களின் தோட்டங்களிலும், ஆலைக்கு வந்தவர்களுக்காக லைன் வீடுகள் எழுந்தன. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த ஓரறை, ஈரறைக் குடியிருப்புகளை லைன் வீடு என்பர். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பல இடங்களில் பொதுவாக இருக்கும். சென்னையில் ஒண்டுக் குடித்தனம் என்றும் பெங்களூரில் வட்டார என்றும் வழங்கும் பழைய ஏற்பாட்டுக்கு இது உறவுடையது. பின்னாளில் பெங்களூரின் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சி ஓசூர்ச் சாலை வழியே எலெக்ட்ரானிக் சிட்டி வரை நீண்டபோது, கட்டிலுக்கு வாடகை, மூன்று வேளை உணவு, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை சேர்ந்த பி.ஜி. விடுதி, அதாவது கட்டணம் செலுத்தித் தங்கும் விருந்தினர் இல்லம், எல்லையின் இருபுறமும் பரவிற்று.

கல்லூரிகளும் இக்காலத்தில் பெருகின. 1824இல் இராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டு, நூறாண்டுக்குப் பின் கால்நடைப் பண்ணையாக மாறிய மத்திகிரிப் பண்ணையின் அருகில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இயங்குகிறது. ஓசூரில் அதியமான் பொறியியல் கல்லூரி 1987இலும், பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி 1994இலும், கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இலும் தொடங்கின. எல்லைக்கு அப்பால் ஆனேக்கல், சர்ஜாபூர் வட்டாரங்களில் தனியார் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. பயில வந்தவரும் பணிக்கு வந்தவரும் ஒரே விடுதியில், ஒரே மெஸ்ஸில், ஒரே வகைச் சாவியோடு வாழும் நிலை இதனால் உண்டாயிற்று.

சந்தையில் பிணை என்பது பணமாக மாறியது. உள்ளூரில் யாரையும் அறியாதவர் அதற்கு ஈடாக முன்பணத்தை, வழக்குச் சொல்லில் அட்வான்சை, மிகுதியாகக் கொடுக்க வேண்டும். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பெருந்தொகையைக் கொடுத்து மாத வாடகை இன்றிக் குடியிருந்து, வெளியேறும்போது தொகையைத் திரும்பப் பெறும் போக்கிய முறையும் உண்டு. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்றும், குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்றும் விதித்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியைத் தவிர்க்கவே 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் தோன்றியது; புதிய சட்டத்தின் கீழ் அந்த உத்திக்கு முன்பிருந்த பயன் இல்லை. ஆகவே எல்லையின் எந்தப் பக்கத்தில் வீடு எடுக்கிறார் என்பது, சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே, வாடகைதாரரின் உரிமையை வேறாக்கிவிடுகிறது.

பெண்களின் உறைவிடம் தனியே சட்டம் பெற்றது. பணிபுரியும் மகளிர்க்கான விடுதித் திட்டத்தை நடுவண் அரசு 1970களின் தொடக்கத்தில் கொணர்ந்தது. தமிழ்நாடு அரசு 2014இல் மகளிர், குழந்தைகள் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தும் சட்டத்தை இயற்றி, மாவட்ட ஆட்சியரின் உரிமம் இன்றி இவ்விடுதிகளை நடத்தலாகாது என்றது. அரசின் 'தோழி' விடுதிகள் பின்னர் வந்தன. தேன்கனிக்கோட்டை வட்டத்தில் டாடா எலெக்ட்ரானிக்சின் கைப்பேசி உதிரிபாக ஆலை அமைந்து பல்லாயிரம் இளம்பெண்களைப் பணிக்கு அமர்த்தியபோது, உறைவிடத்தின் அளவே மாறிற்று. ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்கள் இங்கே பயிற்சி பெற்று வருவதாக நடுவண் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் கூறினார். தமிழும் கன்னடமும் அறியாத அப்பெண்களுக்கு ஊரில் யாரையும் தெரியாது. வேலைக்குச் சேர்க்கும் நிறுவனமும் அது ஏற்பாடு செய்யும் விடுதியுமே அவர்களுக்கு ஊர். 2024 ஆகஸ்டில் திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது, இத்தேவையை அரசும் தன் பொறுப்பாக உணரத் தொடங்கியதன் அடையாளம்.

கடல் கடந்து வந்தவர்கள்

இப்பகுதியில் சட்டப்படி வெளிநாட்டவராக இருந்து பெரும் எண்ணிக்கையில் கல்வி கற்றவர்கள் பெரும்பாலும் விமானத்தில் வந்தவர்கள் அல்லர். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலியராக வந்த தமிழர்களுக்குத் தமிழகமெங்கும் அமைந்த முகாம்களில் சில இம்மாவட்டத்திலும் உள்ளன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் தமிழிலேயே பயின்றும், சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவராகவே இருந்தனர். முகாமின் பத்துக்குப் பத்தடி வீடே அவர்களின் விடுதியாகவும், முகாம் பதிவேடே அவர்களின் பிணையாகவும் இருந்தன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டு, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகவும், ஆண்டுதோறும் மதிப்பெண் அடிப்படையில் முன்னிற்கும் 50 பொறியியல் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் ஏற்பதாகவும் அறிவித்தது. மூன்று தலைமுறை இங்கேயே வாழ்ந்த அயல்நாட்டு மாணவருக்கு விடுதிச் செலவை அரசு ஏற்றது இவ்வகையில் குறிப்பிடத்தக்க நிகழ்வு.

விசா பெற்று வரும் மாணவர்களின் நிலை வேறு. 1950இல் அபுல் கலாம் ஆசாத் தொடங்கிவைத்த இந்தியக் கலாசார உறவுகள் கழகம் உதவித்தொகை வழங்கி ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. அவர்களுக்கு அரசே அழைத்தவர், அரசே பிணை. பிற்காலத்தில் சொந்தச் செலவில் வருவோர் பெருகியபோது, பெங்களூரின் கல்லூரிகளால் கர்நாடகம் அவர்களை மிகுதியாக ஈர்க்கும் மாநிலங்களுள் முன்னணியில் நின்றது. அந்நகரின் வாடகை உயர, அதன் தென்கிழக்கு ஓரமும் ஓசூர்ப் பக்கமும் அவர்களின் தேடலுக்குள் வருகின்றன.

இம்மாணவரை ஏற்கும் வீட்டுக்காரரும் கல்லூரியும் அறியவேண்டிய நடைமுறை நெடுங்காலமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1939, 1946ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் அவற்றின் விதிகளும், 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்யவும், அவருக்கு இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் எனப்படும் தகவலைச் சமர்ப்பிக்கவும் கோரின. இச்சட்டங்களுக்கு மாற்றாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் பல்கலைக்கழகங்களின் தகவல் கடமையையும் சட்டத்திலேயே எழுதிவைத்தது. பதிவு இணையவழியில் நடந்தாலும், எந்த அலுவலரின் எல்லைக்குள் அது வரும் என்பதை மாணவர் தங்கும் முகவரியே தீர்மானிக்கும். ஆனேக்கலில் படித்து ஓசூரில் தங்குபவர் இரு மாநிலங்களின் நடுவே நிற்கிறார். ஆகவே சேர்க்கைக் கடிதம், கல்லூரியின் சான்று, எழுத்தில் அமைந்த வாடகை ஒப்பந்தம், முகவரி மாறும்போது உடனே தெரிவித்தல் ஆகியவற்றை முன்னரே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் மாணவரே இடர்ப்பாடின்றிப் பயில முடிகிறது. பழைய ஊர்ப் பெரியவரின் கடிதம் செய்த வேலையை இன்று செய்வது கல்லூரியின் முத்திரை இட்ட தாள்.

சத்திரத்திலிருந்து 'சி' படிவம் வரை நீளும் இவ்வரலாற்றில், வந்தவரைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் காலந்தோறும் பெருகிவந்திருக்கின்றன. கேள்வி கேட்பது தவறன்று. அடைக்கலம் கொடுப்பவருக்கும் அச்சம் உண்டு. ஆனால் பிணையும் பேணலும் இணைந்திருந்த ஏற்பாடுகளிலேயே, அதாவது அறக்கட்டளையின் விடுதியிலும் வளர்ப்புப் பெற்றோரின் வாடகை வீட்டிலும், வந்தவர் ஊன்றி நின்றார் என்பதை ஓசூரின் அனுபவம் காட்டுகிறது. இன்று பிணையைத் தாள்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. பேணலோ பெரும்பாலும் மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிட்டது. ஒரு விடுதியின் பதிவேட்டில் இன்று பெயர், நாடு, கடவுச்சீட்டு எண், வந்த நாள் ஆகியவை இடம்பெறுகின்றன. திருமுக்கூடல் கல்வெட்டில் இடம்பெற்றவை பாயும், விளக்குக்குரிய எண்ணெய்ச் செலவும், சனிக்கிழமைக்குரிய தலை எண்ணெயும்.